லென்ஸ் மவுண்ட்டும் சென்சார் அளவும் எல்லா கேமராவுக்கும் ஒண்ணாவே இருக்கக் கூடாதா?

10 ஜனவரி 2025, வந்த கேள்வி

அண்ணே, ஐரோப்பாவுல போன டிசம்பர் 28ல இருந்து போன், டேப்லெட், டிஜிட்டல் கேமரா எல்லாத்துக்கும் டைப் சி சார்ஜிங்தான்னு சட்டமே வந்துருச்சு. சார்ஜர் முனையை இத்தனை கம்பெனிக்கும் ஒண்ணாக்க முடியுதுன்னா லென்ஸ் மாட்டுற மவுண்ட்டை ஏன் ஒண்ணாக்க முடியல? படத்தைப் பதியற சில்லு, அந்த சென்சாரோட அளவும் அப்படித்தான், ஒருத்தர் ஃபுல் ஃப்ரேம்ங்கறார், ஒருத்தர் ஏபிஎஸ்-சிங்கறார், இன்னொருத்தர் ஒரு இன்ச்ங்கறார். நான் இப்பதான் முதல் கேமரா வாங்கப் போறேன். ஒரு கம்பெனி பக்கம் போயிட்டா அப்புறம் வெளிய வர முடியாதுன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க.

10 ஜனவரி, இரவு 11.20

தம்பி, இது நான் 15 வருஷமா மனசுக்குள்ள கேட்டுக்கிட்டு இருக்கற கேள்வி. ஒரு கல்யாணத்துல நடந்ததைச் சொல்றேன். அதிகாலை முகூர்த்தம், நான் ஸ்டில்ஸ், வீடியோவுக்கு வேற ஒருத்தர். தாலி கட்ட 20 நிமிஷம் இருக்கு, மேடைக்கு ஏறுற படியில என் வைடு லென்ஸ் கீழ விழுந்து வளையம் கோணிப் போச்சு. வீடியோ அண்ணன் பையில அதே அளவு வைடு லென்ஸ் இருக்கு, அவரும் "எடுத்துக்கப்பா"ன்னு நீட்டிட்டார், ஆனா அவர் கேமரா வேற கம்பெனி, வளையம் சேரல. கையில 85 மி.மீ லென்ஸ் மட்டும்தான், அதுல கிட்ட நின்னா எல்லாரும் ஃப்ரேம்ல அடங்க மாட்டாங்க. மேடையில நிக்க முடியாம மண்டபத்து நடுவுல வந்து சேர் மேல ஏறி நின்னு எடுத்தேன். தாலி கட்டுற படம் இருக்கு, முகம் இருக்கு, ஆனா பொண்ணோட அம்மா அப்பா, மாப்பிள்ளை வீட்டார், அட்சதை போடற கைங்க எல்லாம் சேர்ந்த அந்த ஒரு பெரிய ஃப்ரேம் அந்த ஆல்பத்துல இல்ல. இப்பவும் அந்தக் குடும்பத்தை எங்கயாவது பார்த்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

அதனால என் பதில்: ஆமா, ஒண்ணாக்கணும். ஒரே மவுண்ட், ஒரே சென்சார். முடிஞ்சுது.

11 ஜனவரி, காலை 6.45

நேத்து ராத்திரி கோவத்துல எழுதிட்டேன். மவுண்ட்டும் சென்சாரும் ஒரே பிரச்சனை இல்ல, அதைப் பிரிச்சுதான் பேசணும். முதல்ல மவுண்ட்.

மவுண்ட்டுன்னா வளையத்தோட விட்டம் மட்டும் இல்ல. வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் முக்கியம், ஃப்ளாஞ்ச் தூரம்னு சொல்லுவாங்க. நிக்கான் எஃப் 46.5 மி.மீ, கேனான் இஎஃப் 44. இந்த 2.5 மி.மீ வித்தியாசத்துலதான் ஒரு காலத்து வரலாறே இருக்கு: நிக்கான் லென்ஸை ஒரு மெல்லிசு வளையம் போட்டு கேனான் பாடியில மாட்டிடலாம், கேனான் லென்ஸை நிக்கான் பாடியில மாட்ட முடியாது. ஏன்னா தூரம் பத்தலைன்னா நடுவுல உலோகத்தை வச்சுக் கூட்டிக்கலாம், தூரம் ஜாஸ்தியா இருந்தா பாடியை அறுத்தா குறைக்க முடியும்? நடுவுல திருத்துற லென்ஸ் கண்ணாடி ஒண்ணு இல்லாம மாட்டினா தூரத்துல இருக்கறது எதுவும் ஷார்ப்பா வராது, கிட்டத்துல இருக்கறது மட்டும் வரும்.

மிரர்லெஸ் கேமரா வந்ததும் சென்சாருக்கு முன்னாடி ஆடுற முகம் பார்க்கற மாதிரி கண்ணாடி போயிடுச்சு, அதனால தூரமும் குறைஞ்சுது. சோனி இ 18, கேனான் ஆர்எஃப் 20, லைக்காவோட எல் மவுண்ட் 20, ஃபுஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16. இருக்கறதுலயே நிக்கான் இசட்தான் குட்டை, விட்டமும் பெருசு, 55 மி.மீ. அதனால சோனி லென்ஸைக்கூட 2 மி.மீ கனத்துல ஒரு அடாப்டர் பண்ணி அதுல மாட்டுறாங்க, ஆட்டோஃபோகஸோட. நினைச்சுப் பாருங்க, இந்த ஐஞ்சு கம்பெனிக்காரங்களும் ஒரு மேஜையில உக்காந்து "18ன்னு வச்சுக்குவோம்"னு சொல்லியிருந்தா யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்திருக்காது. 16க்கும் 20க்கும் நடுவுல இருக்கற 4 மி.மீயில படம் எடுக்கறவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு எனக்கு இதுவரைக்கும் விளங்கல.

11 ஜனவரி, மதியம்

சென்சார். இதுல என் எண்ணம் மாறிடுச்சு, நேத்து சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஃபுல் ஃப்ரேம்ங்கற 36க்கு 24 மி.மீ யாரும் கூடி உக்காந்து வகுத்த அளவு இல்ல. ஆஸ்கர் பர்னாக் சினிமா ஃபிலிமை எடுத்து, அதுல இருந்த 24க்கு 18 கட்டத்தை ரெண்டு மடங்காக்கி ஒரு சின்ன கேமரா செஞ்சார், அது 1925ல லைக்கான்னு விற்பனைக்கு வந்துச்சு, ஊரெல்லாம் அதே அளவுக்கு மாறிடுச்சு. ஏபிஎஸ்-சி கதை இன்னும் விசேஷம். 1996ல கோடாக், ஃபுஜி, கேனான், நிக்கான், மினோல்டா சேர்ந்து கொண்டுவந்த ஏபிஎஸ் ஃபிலிம்ல கிளாசிக்னு ஒரு கட்டம், 25.1க்கு 16.7. அந்த ஃபிலிம் செத்துப் போச்சு, பேர் மட்டும் சென்சாருக்கு ஒட்டிக்கிச்சு. அதுலயும் கேனான் 22.3 அகலம், மத்தவங்க 23.5 சுமாருக்கு, அதனாலதான் ஃபுல் ஃப்ரேமோட ஒப்பிட்டு லென்ஸ் நம்பரைப் பெருக்கற கணக்கு ஒருத்தருக்கு 1.6, இன்னொருத்தருக்கு 1.5.

சரி, எல்லாரும் ஃபுல் ஃப்ரேமே போடுங்கன்னு சட்டம் போட்டா? 300 மி.மீ சிலிக்கான் தட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டு பரப்பை வகுத்துப் பார்த்தேன். ஃபுல் ஃப்ரேம் ஒண்ணு 864 சதுர மி.மீ, ஓரத்துல வீணாகுறதைக் கணக்குல எடுக்கலைன்னாக்கூட 80 சில்லறை சென்சார்தான். ஃபோர் தேர்ட்ஸ்ங்கற சின்ன சென்சார் 17.3க்கு 13, அது 300ஐத் தாண்டும். தட்டுல ஒரு இடத்துல பழுதுன்னா பெரிய சென்சார்ல பெரிய துண்டே போச்சு. அது போக சிப் அச்சடிக்கிற மிஷின் ஒரு தடவைக்கு அடிக்கிற பரப்பு வழக்கமா 33க்கு 26, ஃபுல் ஃப்ரேம் 36 நீளம், அதனால ரெண்டு தடவை அடிச்சு சேர்க்கணும். விலை சும்மா ஏறல. எல்லாருக்கும் இதே அளவுன்னு கட்டாயப்படுத்தினா உன்னை மாதிரி முதல் கேமரா வாங்க வர்ற பையனுக்குக் கடைக்குள்ள நுழையற செலவே பயமுறுத்திடும். பறவை எடுக்கறவங்க, மலை ஏறுறவங்க எல்லாம் சின்ன சென்சார் கேக்கறதுக்கும் நியாயம் இருக்கு, லென்ஸ் பாதி எடைதான்.

சென்சார்ல நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, பேரை ஒழுங்கா வைக்கச் சொல்லுங்க. ஒரு இன்ச் சென்சார்னு போட்டு விக்கறாங்க, அளந்தா 13.2க்கு 8.8, மூலைக்கு மூலை 16 மி.மீகூட வராது. ஒரு இன்ச்னா 25.4. ஏன்னா அந்த அளவு பழைய டிவி கேமரா குழாயோட வெளிவிட்டத்துல இருந்து வந்தது. குழாய் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் அந்தக் குழாயை வச்சு நம்மகிட்ட சென்சார் விக்கறாங்க. மி.மீல எழுதறதுக்கு ஒரு காசு செலவில்ல.

13 ஜனவரி, இரவு

ஒருத்தர் கேட்டிருந்தார், "எந்தக் காலத்துலயாவது பொது மவுண்ட்னு ஒண்ணு இருந்துச்சா?" இருந்துச்சு, என் பீரோவுலயே இருக்கு.

எங்க சித்தப்பா ஒரு செனித் வச்சிருந்தார், ரஷ்யக் கேமரா, கையில எடுத்தா செங்கல் மாதிரி கனம். அதுல ஹீலியோஸ் 44, 58 மி.மீ, எஃப் 2. அந்த லென்ஸோட அடிப்பாகம் எம்42 திருகு, 42 மி.மீ விட்டம், 1 மி.மீ புரி. அந்தத் திருகு 1949ல கிழக்கு ஜெர்மனி டிரெஸ்டன்ல கான்டாக்ஸ் எஸ்ல வந்தது. அங்கிருந்து பிராக்டிகா, ஜப்பான்ல பென்டாக்ஸ், ரஷ்யாவுல செனித், இன்னும் எத்தனையோ பேர். ஒரு நாட்டு லென்ஸை இன்னொரு நாட்டு பாடியில திருகலாம். உலகமே ரெண்டு முகாமா பிரிஞ்சு கிடந்த காலத்துல இந்தத் திருகு மட்டும் ரெண்டு பக்கமும் போச்சு வந்துச்சு. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து அது. அப்ப முடிஞ்சுது, இப்ப முடியாதுங்கறாங்க.

14 ஜனவரி, பொங்கல் முடிஞ்சு

நேத்து எழுதினதுல பாதிதான் உண்மை. பொங்கல் வேலையெல்லாம் முடிஞ்சு மத்தியானம் சித்தப்பா லென்ஸை எடுத்து வச்சுக்கிட்டு யோசிச்சேன், எம்42 ஏன் செத்துச்சு? அதுக்குள்ள நம்ம கேள்விக்கே பதில் இருக்கு.

முதல்ல அந்தத் திருகு மவுண்ட்ல லென்ஸுக்கும் பாடிக்கும் பேச்சே கிடையாது. லென்ஸ் ஒரு குழாய், பாடி ஒரு பெட்டி. அப்புறம் ஒரு சின்னக் கம்பி வந்துச்சு, பட்டனை அமுக்கினா பாடி அந்தக் கம்பியைத் தள்ளும், லென்ஸ் வெளிச்சம் வர்ற ஓட்டையைச் சுருக்கிக்கும். அவ்வளவுதான், அதை எல்லாரும் ஒரே மாதிரி செஞ்சாங்க. அதுக்கப்புறம் ஓட்டையை முழுசாத் திறந்து வச்சுக்கிட்டே வெளிச்சம் அளக்கணும்னு ஆசை வந்துச்சு. அதுக்கு லென்ஸ் பாடிகிட்ட "நான் எஃப் 8ல நிக்கறேன்"னு ஓட்டை அளவைச் சேதியா சொல்லணும். அங்கதான் உடைஞ்சுது. 1969ல பிராக்டிகா மின்தொடர்பு வச்சு சொல்லுச்சு, பென்டாக்ஸ் ஒரு நெம்புகோல் வச்சு சொல்லுச்சு, ஃபுஜிக்கா வேற ஒரு முள்ளு வச்சு சொல்லுச்சு, ஒலிம்பஸ் இன்னொரு வழி. திருகு எல்லாத்துக்கும் அதே 42 மி.மீ. மாட்டிக்கும், ஆனா பேச்சு புரியாது. கடைசியில 1975ல பென்டாக்ஸே திருகை விட்டுட்டு கே மவுண்ட்டுக்குப் போயிடுச்சு. ஆனா ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, ஃப்ளாஞ்ச் தூரத்தை அதே 45.46லயே வச்சாங்க, அதனால பழைய லென்ஸ் எல்லாம் ஒரு வளையத்தோட புது பாடிக்கு வந்துடுச்சு. லென்ஸ் வாங்கினவனை நினைச்சுப் பார்த்து செஞ்ச வேலை அது, எனக்கு அந்த மரியாதை எப்பவும் உண்டு.

ஆக வளையத்தை ஒண்ணாக்குறது கஷ்டமே இல்ல. பேச்சை ஒண்ணாக்குறதுதான் கஷ்டம்.

15 ஜனவரி

ஃப்ளாஷும் இதே கதைதான், இன்னைக்கு ஸ்டுடியோவுல ஒரு ஃப்ளாஷ் மாட்டும்போது தோணுச்சு. கேமரா தலையில இருக்கற ஹாட் ஷூ, அதோட அகலம், நடுவுல இருக்கற ஒரு தொடர்புப் புள்ளி, எல்லாம் ஐஎஸ்ஓ 518ங்கற உலகப் பொது அளவு. அந்த அளவுல இருக்கற எந்த ஃப்ளாஷை எதுல மாட்டினாலும் வெளிச்சம் அடிக்கும். ஆனா லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷை அளவா அடிக்கற டிடிஎல்னு வந்ததும் சுத்தி இருக்கற சின்னப் புள்ளிங்களை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல வச்சாங்க. மினோல்டா 1988ல ஷூவோட வடிவத்தையே மாத்துனாங்க, அவங்க கேமரா தொழில் சோனிகிட்ட போனப்போ அந்த ஷூவும் கூடவே போச்சு, 2012லதான் சோனி மறுபடியும் பொது வடிவத்துக்கு வந்துச்சு. டிரைபாட் திருகு கால் இன்ச், அதுல பேச்சு எதுவும் இல்ல, அதனால அது எல்லா ஊர்லயும் ஒண்ணு. ஃபில்டர் திருகும் அப்படித்தான், 52, 58, 67, 77, நம்பர்தான் வேற, நம்பர் ஒத்துப் போனா எவன் ஃபில்டரும் எவன் லென்ஸுலயும் ஏறும்.

18 ஜனவரி, நடுராத்திரி, ரிசப்ஷன் முடிஞ்சு வந்து

ஃபோர் தேர்ட்ஸைப் பத்தி எழுதாம இந்தப் பேச்சு முழுமையாகாது, ஏன்னா சென்சாரையும் மவுண்ட்டையும் சேர்த்து ஒரு பொது அளவா வகுத்தது அதுதான். ஒலிம்பஸும் கோடாக்கும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க, 2003ல ஒலிம்பஸ் இ-1 வந்துச்சு. மத்தவங்க எல்லாம் ஃபிலிம் காலத்து மவுண்ட்டை வச்சுக்கிட்டு அதுக்குள்ள சின்ன சென்சாரைத் திணிச்சப்போ இவங்க மட்டும் உக்காந்து சென்சார் இது, வளையம் இது, தூரம் 38.67ன்னு டிஜிட்டலுக்குன்னே வகுத்தாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. ஆனா உள்ள கண்ணாடி ஆடிக்கிட்டு இருந்ததால கேமரா ஒண்ணும் பெருசா குட்டையாகல, சென்சார் மட்டும் குட்டையாச்சு, வாங்குறவங்களுக்கு அதுல லாபம் தெரியல. அஞ்சு வருஷத்துல, 2008ல, ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்னு அறிவிச்சாங்க. சென்சார் அதே 17.3க்கு 13. தூரம் 19.25 மி.மீ, கிட்டத்தட்ட பாதி. வளையமும் 6 மி.மீ குறைச்சல். அந்த வருஷமே பானசோனிக் ஜி1 வந்துச்சு.

இதுல என்னை யோசிக்க வச்ச விஷயம் 2021ல நடந்தது. ஒலிம்பஸ் கேமரா தொழிலையே கைகழுவிருச்சு, அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்னு வேற கம்பெனியாச்சு. லென்ஸ் வாங்கி வச்சிருந்தவங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ஆனா மவுண்ட் ஒரே ஆளோட சொத்தா இல்ல. பானசோனிக் பாடி அந்தப் பக்கம் இருக்கு, பிளாக்மேஜிக் சினிமா கேமரா இருக்கு, டிஜேஐ டிரோன்ல அந்த மவுண்ட் பறந்திருக்கு. ஓஎம்-1 2022ல வந்துச்சு, பானசோனிக் ஜிஎச்7 போன வருஷம் வந்துச்சு. ஒருத்தர் போனாலும் வீடு இடியல. இதுக்குத்தான் பொது அளவு வேணும்னு நான் அடிச்சுக்கறது.

அதே சமயம் சாம்சங்கை நினைச்சுப் பாருங்க. 2010ல என்எக்ஸ்னு ஆரம்பிச்சாங்க, தூரம் 25.5, நல்ல நல்ல லென்ஸ் போட்டாங்க, 2015-16 வாக்குல சத்தமில்லாம கடையை மூடிட்டாங்க. நிக்கான் 1 மவுண்ட் 2011ல வந்து 2018ல போச்சு. கேனான் இஎஃப்-எம் 2012ல வந்து 2023ல முடிஞ்சுது. இந்த லென்ஸ்ல எல்லாம் ஃபோகஸ் வளையத்தைச் சுத்தினா நேரா கண்ணாடி நகராது, வளையம் ஒரு சேதி அனுப்பும், பாடி மோட்டாருக்கு கரண்ட் குடுக்கும், அப்புறம்தான் நகரும். ஓட்டையும் கரண்ட்லதான் சுருங்கும். பேசத் தெரிஞ்ச பாடி இல்லைன்னா அந்த லென்ஸ் வெறும் கண்ணாடிக் குண்டு. சித்தப்பாவோட ஹீலியோஸ் அந்த மாதிரி இல்ல, சோவியத்தே இல்லாம போனதுக்கப்புறமும் இன்னைக்கு வர்ற புது கேமராவுல அது வேலை செய்யுது.

19 ஜனவரி

ஒரு திருத்தம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல எல்லாம் சுமுகம்ங்கற மாதிரி எழுதிட்டேன். அங்கயும் பேச்சுல ஒளிச்சு வச்சிருக்காங்க. பானசோனிக்கோட 15 மி.மீ எஃப் 1.7 லென்ஸுல ஓட்டையைச் சுருக்கி விரிக்கற அப்பர்ச்சர் வளையம் ஒண்ணு இருக்கு, அதை ஒலிம்பஸ் பாடியில மாட்டினா அந்த வளையம் சும்மா சுத்தும், ஒண்ணும் நடக்காது. லென்ஸும் பாடியும் சேர்ந்து கை ஆட்டத்தைத் தடுக்கற வித்தை ஒரே கம்பெனி ஜோடிக்கு மட்டும்தான். பானசோனிக் ரொம்ப வருஷம் நம்பியிருந்த ஒரு ஃபோகஸ் முறை அவங்க லென்ஸோட மட்டும்தான் ஓடும். இதெல்லாம் பொது மவுண்ட்ல.

சோனியும் அப்படித்தான். 2011லயே இ மவுண்ட்டோட அடிப்படை விவரத்தை லென்ஸ், அடாப்டர் செய்யறவங்களுக்கு காசு வாங்காம குடுக்க ஆரம்பிச்சாங்க, அது பெரிய மனசு, இன்னைக்கு சிக்மா, டாம்ரான் மாதிரி வெளி லென்ஸ் கம்பெனிங்களோட லென்ஸ் அந்த மவுண்ட்ல குவிஞ்சு கிடக்கறதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கறேன். ஆனா அடிப்படை விவரம்ங்கற வார்த்தையைக் கவனிங்க. அவங்க வேகமான பாடியில வெளி லென்ஸ் மாட்டினா நொடிக்கு 15 படத்தோட நின்னுடும், சொந்த லென்ஸ்னா இன்னும் மேல போகும்.

22 ஜனவரி, காலை

"ரகசியமா வச்சாத்தான் கம்பெனிக்கு லாபம், லாபம் இருந்தாத்தான் ஆராய்ச்சி"ன்னு ஒருத்தர் நீளமா எழுதியிருந்தார். மூணு நாள் அதையே யோசிச்சேன், அதுல விஷயம் இருக்கு.

1987ல கேனான் தன்னோட எஃப்டி மவுண்ட்டையே தூக்கிப் போட்டுட்டு இஎஃப் கொண்டு வந்துச்சு. எஃப்டி தூரம் 42, இஎஃப் 44. மேல சொன்ன கணக்குதான், பழைய லென்ஸ் புது பாடியில கண்ணாடி வச்ச அடாப்டர் இல்லாம சேராது. லென்ஸ் வச்சிருந்தவங்க கொதிச்சுப் போனாங்க. ஆனா கேனான் அன்னைக்கே நெம்புகோல் எல்லாத்தையும் விட்டுட்டு முழுக்க மின்சாரப் பேச்சுக்குப் போயிடுச்சு, வளையமும் 54 மி.மீ அகலம். மோட்டார் லென்ஸுக்குள்ள. நிக்கான் 1959 வளையத்தை விடாம வச்சுக்கிச்சு, 44 மி.மீ விட்டம், ஆட்டோஃபோகஸுக்கு பாடியில இருந்து ஒரு திருப்புளி மாதிரி முனை வெளிய நீட்டி லென்ஸைச் சுத்தும். 2006ல டி40 வந்தப்போ அந்த மோட்டாரை எடுத்துட்டாங்க, அதனால அந்தத் திருப்புளியை நம்பின லென்ஸ் எல்லாம் சின்ன பாடியில கையாலதான் ஃபோகஸ். இப்ப பழைய லென்ஸை மிரர்லெஸ்ல மாட்ட அவங்களே தர்ற எஃப்டிஇசட் அடாப்டர்லயும் அந்த மோட்டார் இல்ல.

நான் தொழில் ஆரம்பிச்ச புதுசுல இந்த மாதிரி ஒரு விஷயத்துலதான் மாட்டினேன், கம்பெனி பேர் வேண்டாம். பழைய 50 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு வந்தேன், கடைக்காரர் "மாட்டும்ணே"ன்னார், மாட்டுச்சு, ஃபோகஸ் நகரல. மாட்டுறதும் வேலை செய்யறதும் வேற வேறன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு வருஷம் பூரா கையாலயே திருகிக்கிட்டு பொறந்தநாள் விழா எடுத்தேன், ஓடுற குழந்தையில பாதிக்கு மேல ஃபோகஸ் போயிருக்கும்.

விஷயத்துக்கு வர்றேன். 1959ல சட்டம் போட்டு 46.5தான் எல்லாருக்கும்னு பூட்டியிருந்தா இன்னைக்கு 16 மி.மீ மவுண்ட் வந்திருக்காது. இத்தனை குட்டையான வைடு லென்ஸ் வந்திருக்காது. அதனால வளையத்தை சட்டத்தால பூட்டக் கூடாது. என் முதல் குறிப்புல சொன்னதுக்கு இது நேர் எதிர், தெரியும். ஆனா பேச்சு? அதை ஏன் பூட்டி வைக்கணும்? ரகசியம் காக்கட்டும், லாபம் பார்க்கட்டும், சரி. ஒரு மவுண்ட்டை இனிமே செய்ய மாட்டோம்னு கைவிடுற அன்னைக்காவது அந்தப் பேச்சை வெளிய விட்டுடணும். அதுக்கப்புறம் அதுல காக்கறதுக்கு என்ன லாபம் இருக்கு? அந்த லென்ஸ் வாங்கினவன் காசு குடுத்துதானே வாங்கினான்? சார்ஜருக்கு சட்டம் போட்ட ஐரோப்பா சொன்ன காரணமே மின்குப்பை குறையணும்ங்கறதுதான். நல்ல கண்ணாடி, நல்ல மோட்டார், ஒரு குறையும் இல்லாத லென்ஸ், பேச ஆள் இல்லாததால குப்பைக்குப் போறது எந்தக் கணக்குல சேரும்? தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான், 12 நாள் ஆச்சு இதுக்கு வந்து சேர.

22 ஜனவரி, மாலை

இன்னொண்ணு விட்டுப் போச்சு, பழைய சி மவுண்ட். ஒரு இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 32 புரி, தூரம் 17.526. 16 மி.மீ சினிமா கேமராவுக்கு வந்த திருகு, இன்னைக்கும் தொழிற்சாலை கேமரா, மைக்ராஸ்கோப் எல்லாத்துலயும் இருக்கு. கண்காணிப்பு கேமராவுக்கு அதையே 5 மி.மீ குறைச்சு சிஎஸ்னு ஆக்குனாங்க, அதனால 5 மி.மீ வளையம் ஒண்ணு போட்டா சி லென்ஸ் சிஎஸ் கேமராவுல உக்காந்துடும். சினிமாக்காரங்க பிஎல் மவுண்ட்டும் அப்படித்தான், ஆரி 1982ல கொண்டுவந்தது, மத்த கம்பெனி சினிமா கேமராவும் அதை எடுத்துக்கிச்சு. காரணம் என்னன்னா அங்க லென்ஸ் வாடகைக்கு வர்றது. இன்னைக்கு இந்தக் கேமரா, நாளைக்கு அந்தக் கேமரா, லென்ஸ் பெட்டி அதே பெட்டி. வாடகைக்கு விடறவர் "உன் மவுண்ட்டுக்கு நான் தனியா லென்ஸ் வாங்க மாட்டேன்"னு சொல்லிட்டா கேமரா கம்பெனி வழிக்கு வந்துதான் ஆகணும். நம்ம ஸ்டில்ஸ்காரங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா வாங்கறோம், அதனால நம்ம சொல் ஏறல.

26 ஜனவரி

எல் மவுண்ட் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. 2014ல லைக்கா டிக்கு வந்த மவுண்ட், 51.6 விட்டம், 20 தூரம். 2018 செப்டம்பர்ல லைக்கா, பானசோனிக், சிக்மா மூணு பேரும் கூட்டணின்னு அறிவிச்சாங்க, அப்புறம் டிஜேஐ, பிளாக்மேஜிக், சாம்யாங் எல்லாம் சேர்ந்தாங்க. ஒரே மவுண்ட்ல ஃபுல் ஃப்ரேமும் உண்டு, ஏபிஎஸ்-சியும் உண்டு. இதுதான் நான் 11ந்தேதி தேடினது, வளையம் ஒண்ணா இருக்கட்டும், சென்சாரை அவங்கவங்க வசதிக்கு வச்சுக்கட்டும். ஃபோர் தேர்ட்ஸ் ரெண்டையும் ஒரே முடிச்சா போட்டதுதான் அது வளர இடம் இல்லாம போனதுக்குக் காரணம்னு எனக்குப் படுது.

கேனான் ஆர்எஃப் ரொம்ப நாள் கதவை அடைச்சு வச்சிருந்துச்சு, போன வருஷம் ஏப்ரல்லதான் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் வாங்கி லென்ஸ் அறிவிச்சாங்க, அதுவும் ஏபிஎஸ்-சி அளவுக்கு மட்டும். நிக்கான் இசட்டுக்கு 2022ல டாம்ரான், 2023ல சிக்மா. கதவு கொஞ்சம் கொஞ்சமாத் திறக்குது. சிக்மா 2013ல இருந்து இன்னொரு வேலையும் செய்யறாங்க, காசு வாங்கிக்கிட்டு அவங்க லென்ஸோட மவுண்ட்டையே வேற கம்பெனி மவுண்ட்டா மாத்திக் குடுப்பாங்க, எல்லா லென்ஸுக்கும் இல்ல. உள்ள கண்ணாடி அதேதான், பின்னாடி வளையமும் பேச்சும் மட்டும் வேற, அதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

தம்பிக்கு நேரா: பாடியைப் பார்த்து வாங்காத. உனக்கு என்ன எடுக்கணுமோ அதுக்கு வேண்டிய ரெண்டு லென்ஸ் எதுன்னு முதல்ல எழுதிக்க, அந்த ரெண்டும் எந்த மவுண்ட்ல ரெண்டு மூணு கம்பெனி செய்யுதுன்னு பாரு, அந்தப் பக்கம் போ. உங்க ஊர்ல உன்கூட யார் எடுக்கறாங்களோ அவங்க என்ன வச்சிருக்காங்கன்னும் கேட்டுக்க, முகூர்த்த நேரத்துல உதவும்.

2 பிப்ரவரி, இரவு 9.10

சித்தப்பா லென்ஸுக்கு அடாப்டர் வந்துருச்சு. லென்ஸுக்குள்ள ஃபங்கஸ் இருந்துச்சு, ஓரமா நூல் மாதிரி, போன வாரம் ஒருத்தர்கிட்ட குடுத்து பிரிச்சு துடைச்சு வாங்கிட்டேன், முன்கண்ணாடியில லேசா ஒரு தடம் மட்டும் போகல.

அடாப்டர் கனம் எம்42வோட 45.46ல என் சோனி இ பாடியோட 18 போக 27.46 இருக்கணும். வெர்னியர் வச்சு அளந்தேன், 27.4 காட்டுது. கொஞ்சம் குறைச்சலா செய்யறதுதான் வழக்கம், கூடிப் போச்சுன்னா தூரத்துல ஃபோகஸ் வராது. மொட்டை மாடிக்குப் போய் செல்போன் டவர் உச்சியில எரியற சிவப்பு லைட்டைப் பிடிச்சேன், வளையம் கடைசிக்கு ஒரு மயிரிழை முன்னாடி புள்ளியா வந்துருச்சு. என் ஏபிஎஸ்-சி பாடியில இந்த 58 இப்ப 87 மாதிரி நிக்குது, ஆள் முகம் எடுக்க அருமையான அளவு. நாளைக்கு சித்தப்பா வீட்டுக்குப் போறேன், அவரையே உக்கார வச்சு எடுக்கணும்.